ரியாக்டருக்குள் விழுந்த போன்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை மணி 11.41. சிகந்தராபாத்தை அடுத்த குஷாய்குடாவில் தூறல். காற்று இல்லை. கொடியில் கிடக்கிற துணியை எடுப்பதா, இன்னும் கொஞ்சம் பார்ப்பதா என்று தொல்லை கொடுக்கிற மழை. ஜீடிமெட்லாவில் மழை இல்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் ஜீடிமெட்லாவில் இருந்த அந்த மருந்துத் தொழிற்சாலைக்கும் பதினாறு கிலோமீட்டர். அந்த மேசையில் உட்கார்ந்தபடி, லேப்டாப்பைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கீழே காட்டுங்க" என்று தெலுங்கில் சொன்னேன். அதற்கு அடுத்த ஒன்றரை நிமிடத்தையும், அடுத்த ஒரு வாரத்தையும்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுதக் காரணம் இருக்கிறது. "சார், வேலையை விட்டுட்டு வீட்டிலிருந்தே ஆடிட் பண்ணலாம்னு இருக்கேன், நல்ல காசாமே" என்று மாதத்துக்கு நாலு பேராவது போன் செய்கிறார்கள். எல்லாரும் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்கள், நல்ல பதவியில் இருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல எனக்குத் தொண்டை இல்லை. இனிமேல் கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடுவதாக உத்தேசம்.

1. வேலையும் கூலியும்

என் பெயர் மூர்த்தி. ஜீடிமெட்லாவில் மூன்று மருந்துக் கம்பெனிகளில் இருபத்தொன்பது வருடம் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். குவாலிட்டி ஹெட் ஆக ஓய்வு பெற்றேன். கடைசிச் சம்பளம் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.

இங்கே தயாராகும் மருந்து மூலப்பொருளை வெளிநாட்டுக் கம்பெனிகள் வாங்குகின்றன. வாங்குகிறவர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை, தரம் சரியாக இருக்கிறதா என்று தொழிற்சாலையை ஆடிட் செய்ய வேண்டும். முன்பு விமானத்தில் ஆள் வருவார். தொற்றுக் காலத்தில் அது நின்றது. வீடியோவில் பார்த்தாலே போதும் என்று பல பேர் பழகிக்கொண்டார்கள். இதற்கென்று நடுவில் ஏஜென்சிகள் இருக்கின்றன. அவர்களின் பேனலில் என் போன்ற ஓய்வு பெற்றவர்களும், வேலையை விட்டவர்களும் இருப்போம். கூலி மேன்-டே கணக்கு. எனக்கு ஒரு மேன்-டேக்கு இருபத்திரண்டாயிரம். இரண்டு நாள் ஆடிட், ஒரு நாள் ரிப்போர்ட், ஆக அறுபத்தாறாயிரம். மாதத்தில் நாலு ஆடிட் வந்தால் இரண்டு லட்சத்து அறுபத்துநாலாயிரம். வேலையில் இருந்தபோது வாங்காத பணம்.

பஸ் இல்லை, ஷிப்ட் இல்லை, மேனேஜிங் டைரக்டரின் முகம் இல்லை. அதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பிராட்பேண்ட் இணைப்பு, இன்வெர்ட்டர், அதன் பேட்டரி எல்லாம் என் செலவு. பின்னால் வெள்ளைச் சுவர்தான் தெரிய வேண்டும் என்று ஏஜென்சி சொன்னதால் சாமி படங்களின் மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட வேண்டியிருந்தது. காய்ச்சல் வந்தால் அன்றைய கூலி இல்லை.

என் மனைவி சரோஜா இங்கே பக்கத்தில் உள்ள அரசு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாலு தலைமுறையாக சிகந்தராபாத்தில் இருக்கும் குடும்பம் அவளுடையது. அவள் தமிழில் பாதி இந்த ஊர். முதல் ஆடிட் அன்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மேலே இஸ்திரி போட்ட சட்டை, டை. கீழே லுங்கி. உங்க ஆபீஸ் இடுப்போட முடிஞ்சுபோச்சா?"

"கேமராவில் இடுப்பு வரைக்கும்தான் தெரியும்."

"எழுந்திரிச்சுடாதீங்க. அப்புறம் மருந்து வாங்க மாட்டாங்க."

2. பழைய சாமான்

இந்த வேலையில் நீங்கள் இருக்கும் இடம் வேறு, பார்க்கும் இடம் வேறு. கேட்கும் சத்தம் எந்த இடத்துடையது என்பதே சில சமயம் குழம்பிவிடும்.

பேனலில் சேர்ந்த இரண்டாம் மாதம், மருந்து வாங்கும் கம்பெனிக்காரரும் ஐரோப்பாவிலிருந்து அழைப்பில் இருந்தார். தண்ணீர் சுத்திகரிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் தெருவில் பழைய சாமான் வாங்கும் வண்டி வந்தது. ஸ்பீக்கரில், "பாத பிரிட்ஜ், பாத கூலர், பாத இனுமு கொண்டாம்" என்று பதிவு செய்த குரல் திரும்பத் திரும்ப ஓடியது. ஐரோப்பியர் பேச்சை நிறுத்தி, "தொழிற்சாலையில் எல்லாரும் வெளியேறும்படி அறிவிப்பா?" என்று கேட்டார். தொழிற்சாலைக்காரர்கள் பயந்துபோய், "எங்கள் சைரன் அப்படி இருக்காது சார்" என்றார்கள். பழைய இரும்பு வாங்குகிறவர் என்று நான் விளக்க நாலு நிமிடமானது. அன்று எல்லாரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3. ஸ்கோப்

ஆடிட்டருக்கு ஒரு விதி உண்டு. பேனலில் சேரும்போது கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் ஏழாவது கிளாஸ், அதாவது பிரிவு. பார்க்கலாம், கேட்கலாம், குறித்துக்கொள்ளலாம். அங்கே இருக்கும் யாருக்கும் இப்படிச் செய், அப்படிச் செய் என்று உத்தரவு கொடுக்கக் கூடாது. குறை கண்டால் அந்த இடத்திலேயே சொல்லக் கூடாது. மாலையில் குளோசிங் மீட்டிங்கில் வரிசையாக வாசிக்க வேண்டும். அதுவும் ஸ்கோப்புக்குள் இருக்க வேண்டும். எங்கள் ஸ்கோப் மருந்தின் தரம். தொழிலாளி ஹெல்மெட் போட்டிருக்கிறாரா என்பது ஸ்கோப்பில் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்து தயாரிக்கும் இடத்தில் சால்வென்ட் என்னும் கரைப்பானின் ஆவி இருக்கும். சாதாரண போனை உள்ளே கொண்டுபோனால் தீப்பிடிக்கலாம். எல்லார் போனையும் வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வீடியோ ஆடிட்டுக்கென்று தீப்பொறி வராத தனி போன் இருக்கிறது. விலை ஒன்றரை லட்சம். பெரும்பாலான கம்பெனிகளில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இங்கேயும் ஒன்றுதான்.

4. பதினொன்று நாற்பத்தொன்று

அன்று காலை பத்து மணிக்கு ஆடிட் ஆரம்பம். தொழிற்சாலையின் குவாலிட்டி ஹெட் ஸ்ரீனிவாஸ் கான்ஃபரன்ஸ் அறையில் லேப்டாப்புடன் இருந்தார். அவருடைய பிரிவில் எம்.ஃபார்ம் படித்த மௌனிகா என்ற பெண் அந்த ஒற்றை போனைப் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றிக் காட்டினாள். இடது பக்கம் திருப்புங்க, கூரையைக் காட்டுங்க, அந்த லேபிளைக் கிட்டே கொண்டு வாங்க என்று நான் சொல்லச் சொல்ல அவள் நடந்தாள். கெட்டிக்காரப் பெண். கேட்பதற்கு முன்பே திருப்புவாள்.

முதல் மாடியில் ஒரு ரியாக்டர். உட்புறம் கண்ணாடிப் பூச்சு பூசிய பெரிய இரும்புப் பாத்திரம், இரண்டு ஆள் உயரம்; உடம்பு தரைக்குக் கீழே தொங்கும், மூடி மட்டும் மாடித் தரையோடு இருக்கும். 'சுத்தம் செய்யப்பட்டது' என்று லேபிள் தொங்கியது. நான் பார்ப்பதற்காக மூடியில் உள்ள மேன்ஹோலை, ஆள் இறங்கும் வாயை, திறந்து வைத்திருந்தார்கள். மௌனிகா போனை மேன்ஹோல் விளிம்பில் வைத்துக் காட்டினாள். அடியில், வெளியேறும் வால்வுக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒரு கோடு. பழைய மருந்துப் படிவு என்றால் அது பெரிய குறை. நேரில் போயிருந்தால் டார்ச் அடித்து, குனிந்து பார்த்து, அரை நிமிடத்தில் முடித்திருப்பேன்.

"அடியில் வால்வுப் பக்கம் காட்டுங்கம்மா."

"சார், எனக்கு எட்டாது. யாதகிரி அன்னா, நீ கொஞ்சம் காட்டு."

யாதகிரி அந்த ரியாக்டரின் ஆபரேட்டர். நாற்பது வயதிருக்கும். காண்ட்ராக்ட் ஆள். போனை வாங்கிக்கொண்டு மண்டியிட்டார்.

"எங்கே சார், இங்கேயா?"

"இன்னும் கொஞ்சம் கீழே காட்டுங்க."

"சரே சார்."

படம் கீழே இறங்கியது. கோடு இன்னும் தெளியவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றேன்.

படம் சுழன்றது. டம் என்று ஒரு சத்தம். பிறகு ஏதோ உருண்டது. அது அவருடைய ஹெல்மெட் என்று பிறகு தெரிந்தது. போன் பாத்திரத்தின் அடியில், கேமரா மேலே பார்க்கும்படி விழுந்திருந்தது. எனக்குத் தெரிந்தது வட்டமான ஒரு வெளிச்சம். அதில் ஒரு தலையும் தோளும் ஒரு கையும் தொங்கின. கை அசையவில்லை.

கழுவிக் காயவைத்த ரியாக்டரில் ஈரக் காற்று புகாமல் இருக்க நைட்ரஜன் நிரப்பி வைப்பார்கள். நைட்ரஜனுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, மூச்சு முட்டுவதும் தெரியாது. இரண்டு தரம் மூச்சு இழுத்தால் ஆள் சாய்ந்துவிடுவான். இறங்குவதாக இருந்தால் நைட்ரஜன் லைனைக் கழற்றி, காற்று ஊதி, ஆக்சிஜன் மீட்டர் வைத்துப் பார்த்து, பர்மிட் போட வேண்டும். யாரும் இறங்கப்போவதில்லை, எனக்குக் காட்ட மட்டும்தானே என்று பர்மிட் போடவில்லை. லைன் அப்படியே இருந்தது. அந்த லைனும் அதன் வால்வும் போனுக்குப் பின்பக்கம் இருந்தன. எனக்குப் போனுக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும்.

"அன்னா! அன்னா!" என்று மௌனிகாவின் குரல் கேட்டது. வட்டத்தின் ஓரத்தில் அவள் முகமும் வந்தது. அவளும் குனிகிறாள்.

கத்தினேன். "லோபலிகி வங்கத்து! நைட்ரஜன்! காள்ளு பட்டி லாகு!" உள்ளே குனியாதே, காலைப் பிடித்து இழு.

அந்த மாடியில் இருந்த ஒரே போன் ரியாக்டரின் அடியில் கிடந்தது. அதனால் என் குரல் அங்கிருந்துதான் வந்தது. கிணற்றுக்குள் விழுந்த ஆள் கத்துவது போல இருந்தது, யாதகிரி அன்னாதான் பேசுகிறார் என்று நினைத்தேன் என்று மௌனிகா பிறகு சொன்னாள். அவள் முகம் இன்னும் கிட்டே வந்தது.

"மௌனிகா! நான் ஆடிட்டர் பேசறேன்! முகத்தை எடு! பெல்ட்டைப் பிடிச்சுப் பின்னால் இழு!"

முகம் போய்விட்டது. தொங்கிய தலை ஒரு அங்குலம் நகர்ந்து நின்றது. அந்தப் பெண் நாற்பத்தைந்து கிலோகூட இருக்க மாட்டாள்.

ஸ்ரீனிவாஸும் அதே அழைப்பில்தான் இருந்தார். ஆனால் மேலதிகாரி வேறு போனில் கூப்பிட்டதால் லேப்டாப் சத்தத்தை அணைத்திருந்தார். படம் சுழன்று அசையாமல் நின்றதும் நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தாராம். நான் கத்துவதைக் கேட்டு சமையலறையிலிருந்து வந்த சரோஜா, என் முன்னால் இருந்த ஆடிட் அறிவிப்புத் தாளில் ஸ்ரீனிவாஸின் எண்ணைப் பார்த்துத் தன் போனில் அடித்தாள். தெரியாத எண் என்று அவர் வெட்டினார். மறுபடி அடித்தாள். மறுபடி வெட்டினார். அவள் அதே தாளில் கீழே இருந்த கேட் எண்ணை அடித்தாள்.

"அரே பாய், அந்தர் ஆத்மி கிர்கயா! சைரன் பஜாவ்! ... கோன் கைக்கு பூச்ரே? பெஹலே பஜாவ்!"

உள்ளே ஆள் விழுந்துவிட்டான், சைரன் அடி, யார் என்று ஏன் கேட்கிறாய், முதலில் அடி. கேட்டில் இருந்தவர் நல்ல மனிதர். அடித்துவிட்டார்.

சைரன் சத்தம் ரியாக்டருக்குள் இறங்கி என் லேப்டாப்பில் கேட்டது. ஓடிவரும் காலடிகள் கேட்டன. தலை, தோள், கடைசியாக அந்தக் கை, ஒவ்வொன்றாக வட்டத்தைவிட்டு வெளியே போயின. அழைப்பில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்தேன். போன் விழுந்து எண்பத்தெட்டு விநாடி ஆகியிருந்தது.

அதன்பின் போனை யாரும் நினைக்கவில்லை. வெறும் வட்டத்தையும் அதற்கு மேலிருந்த டியூப் லைட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த டியூப் லைட்டின் பிம்பம்தான் கண்ணாடிப் பூச்சில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ரியாக்டர் சுத்தமாகத்தான் இருந்தது.

"ஆள் இருக்கானா?" என்று சரோஜா கேட்டாள்.

"தெரியாது."

"கேளுங்களேன்."

"யாரிடம் கேட்பது? என் குரல் ரியாக்டருக்குள்ள இருக்கு."

5. குளோசிங் மீட்டிங்

மாலை நாலரைக்கு முதல் நாள் குளோசிங் மீட்டிங், சொன்ன நேரத்துக்கு நடந்தது. வாங்கும் கம்பெனிக்காரர் ஐரோப்பாவிலிருந்து சேர்ந்தார். எங்கள் ஏஜென்சியின் ஒருங்கிணைப்பாளர் பிரியாவும் இருந்தார். பொள்ளாச்சிப் பெண். அமீர்பேட்டில் ஹாஸ்டல் அறையிலிருந்து வேலை பார்க்கிறார். அவரும் எங்களைப் போலத்தான், ஆபீஸ் கிடையாது.

ஸ்ரீனிவாஸ், "காலையில் சிறு தடங்கல், இப்போது எல்லாம் சரி" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"யாதகிரி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன்.

"ஸ்டேபிள் சார். ஆஸ்பத்திரியில் பேசினார்."

"யாதகிரி யார்?" என்றார் ஐரோப்பியர்.

"எங்கள் குழுவில் ஒருவர். உடம்பு சரியில்லை."

நான் வாயைத் திறக்கும்போது திரையின் ஓரத்தில் பிரியாவின் செய்தி வந்தது. 'சார், ஸ்கோப்.'

ஸ்கோப்பில் இருந்த இரண்டு சின்னக் குறைகளை வாசித்தேன். லேபிளில் தேதி மங்கல். ஒரு கதவின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. எல்லாரும் நன்றி சொன்னார்கள். மறுநாள் புதன்கிழமை முழுக்க ஆவணங்கள் பார்த்தேன். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று மாலை மௌனிகா தன் சொந்த போனிலிருந்து கூப்பிட்டாள்.

"சார், அன்னாவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆனா இன்வெஸ்டிகேஷன்ல ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்க. தானா தலையை விட்டாராம். காண்ட்ராக்டர் இனிமே வர வேண்டாம்னுட்டார்."

"நீ என்ன சொன்னாய்?"

"நடந்ததைச் சொன்னேன் சார். நீ டிரெயினி, உன்னை யார் கேட்டான்னாங்க."

வீடியோ ஆடிட்டைப் பதிவு செய்ய எந்தக் கம்பெனியும் அனுமதிப்பதில்லை. வியாபார ரகசியம். நான் சொன்னதை நான்தான் சொல்ல வேண்டும்.

ஸ்ரீனிவாஸுக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. தெலுங்கில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"ஸ்ரீனிவாஸ் காரு, அவரைக் கீழே காட்டச் சொன்னது நான்."

"போனைத்தானே சார் கீழே காட்டச் சொன்னீங்க? தலையை விடச் சொல்லலையே."

"கை எவ்வளவு நீளம் இருக்கும்?"

"சார், நீங்க எங்க சீனியர். உங்களுக்குத் தெரியாததா? இதை இழுத்தா அந்த ரியாக்டரையே நிறுத்தணும். விடுங்க சார். அவனுக்கு ஏதாவது கையில கொடுத்துடலாம்."

"நைட்ரஜன் லைனைக் கழற்றினீர்களா?"

"ஆடிட் ஸ்கோப்பில் அது இல்லை சார்" என்றார்.

6. யாதகிரி

வியாழக்கிழமை ரிப்போர்ட் எழுத வேண்டிய நாள். காலையில் ஆட்டோ பிடித்து ஜீடிமெட்லா போனேன். மௌனிகா விலாசம் கொடுத்திருந்தாள். நாலு வருடமாக ஜீடிமெட்லா கம்பெனிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும், ஓய்வு பெற்றபின் அங்கே கால் வைத்தது அன்றுதான். சால்வென்ட் வாசனையை மறந்தே போயிருந்தேன்.

யாதகிரி ஒற்றை அறை வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் மேன்ஹோல் விளிம்பு பட்ட காயம். அவர் மனைவி டீ போட எழுந்தார்.

"நான்தான் அன்றைக்கு வீடியோவில் பேசினவன்."

"நீங்களா சார்? உங்க முகத்தை நான் பார்க்கவே இல்லை. போன் அந்தப் பக்கம் திரும்பி இருந்துச்சு." எழுந்து நிற்கப் பார்த்தார். உட்கார வைத்தேன். "சார், போன் என்னாச்சு? ஒன்றரை லட்சமாமே. காண்ட்ராக்டர் என் பாக்கியில பிடிப்பேன்கிறார்."

"போன் நன்றாக இருக்கிறது. வேலை செய்கிறது."

"அப்பாடா." மனைவியைப் பார்த்து, "கேட்டியா, உடையலையாம்" என்றார். பிறகு என்னிடம், "ஆடிட் பாஸா சார்?"

அதை விட்டுவிட்டு, "ஏன் தலையை உள்ளே விட்டீர்கள்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

"நீங்க இன்னும் கீழேன்னீங்க. கை அதுக்கு மேல போகலை."

"முடியாது என்று சொல்லியிருக்கலாமே."

அவர் சிரித்தார். "ஆடிட்டர் கேட்டா முடியாதுன்னு சொல்லக் கூடாதுன்னு டிரெயினிங்ல சொல்லியிருக்காங்களே சார். வருஷா வருஷம் சொல்வாங்க."

சொல்வோம். ஜீடிமெட்லாவில் எந்தக் கம்பெனியிலும் அந்தப் பாடம் உண்டு. ஆடிட்டர் கேட்டால் உடனே காட்டு, வாதம் செய்யாதே, முடியாது என்ற வார்த்தை வரக் கூடாது.

அவருடைய கூலி நாளைக்கு அறுநூற்றிருபது ரூபாய். அவருக்கும் மேன்-டே கணக்குதான். வராத நாளுக்குக் கூலி இல்லை. அறைக்கு வாடகை இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் போகும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். கவனக்குறைவு என்று எழுதப்பட்ட ஆளை அந்தத் தொழிற்பேட்டையில் வேறு காண்ட்ராக்டரும் எடுக்க மாட்டார்.

7. முதல் அப்சர்வேஷன்

மத்தியானம் வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைத் திறந்தேன். சரோஜாவிடம் சொன்னேன்.

"எழுத வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா எழுதிட்டு ஆறு மாசம் புலம்புவீங்க. நக்கோ, அது மட்டும் எனக்கு வேண்டாம். புலம்ப மாட்டேன்னு சொல்லிட்டு எழுதுங்க."

முதல் அப்சர்வேஷனாக இப்படி எழுதினேன், ஆங்கிலத்தில்: 'ரியாக்டரின் அடிப்பகுதியைக் காட்டும்படி ஆடிட்டர் இருமுறை கேட்டதால், ஆபரேட்டர் தலையை மேன்ஹோலுக்குள் செலுத்தினார். நைட்ரஜன் லைன் துண்டிக்கப்பட்டிருக்கவில்லை. ஆபரேட்டர் நினைவிழந்தார். பெல்ட்டைப் பிடித்து இழுக்கும்படி ஆடிட்டர் கூறினார். இது ஆபரேட்டரின் கவனக்குறைவு அன்று. வகை: கிரிட்டிக்கல்.'

அனுப்பிய பதினோராவது நிமிடம் பிரியா கூப்பிட்டார். பின்னால் மெட்ரோ ரயில் போகும் சத்தம்.

"சார், இது என்னங்க சார்?"

"ரிப்போர்ட்."

"டெம்ப்ளேட்டுல 'ஆடிட்டர் கவனித்தார்'னுதானுங்க ஆரம்பிக்கும். நீங்க 'ஆடிட்டர் கேட்டதால்'னு ஆரம்பிச்சிருக்கீங்க. ஆடிட்டர் பண்ணினதைப் போடறதுக்கு இதுல இடமே இல்லீங்களே."

"அதனாலதாம்மா முதல் இடத்தில் போட்டேன்."

"சார், கிளாஸ் ஏழு இருக்குதுங்க. சைட்டுல யாருக்கும் உத்தரவு போடக் கூடாது. நீங்களே எழுதிக் கொடுத்தா லீகல்ல கேப்பாங்க. நீங்க ரெண்டு தடவை போட்டிருக்கீங்க. ஒண்ணு, கீழே காட்டுன்னு. இன்னொண்ணு, பெல்ட்டைப் பிடிச்சு இழுன்னு."

"இழுன்னு சொன்னதுக்கும் கிளாஸ் ஏழா?"

இன்னொரு ரயில் போனது.

"ஏனுங்க சார், அந்தக் கிளாஸை நானா எழுதினேன்?" குரல் மாறியிருந்தது. "உங்களுக்கு டிசம்பர் வரைக்கும் பதினாலு ஆடிட் போட்டு வச்சிருக்கேன். ஒவ்வொண்ணும் நான் பார்த்துப் பார்த்துப் போட்டது. அந்த ஒரு பத்தியை எடுத்துடுங்க சார். நான் பார்க்கவே இல்லைன்னு வச்சுக்கறேன்."

"எடுத்தால் அந்த ஆளுக்கு வேலை போகும்."

"எடுக்கலைன்னா உங்களுக்குப் போகுமுங்க."

"எனக்குப் பென்ஷன் மாதிரி கொஞ்சம் வருகிறது. வீடு சொந்தம். அனுப்பிவிடும்மா."

அனுப்பினார். அதற்காக அவருக்கும் திட்டு விழுந்திருக்கும். வேறு யாராவது இருந்திருந்தால் அந்தப் பத்தியை வெட்டிவிட்டு அனுப்பியிருப்பார்கள்.

கிரிட்டிக்கல் என்று வந்துவிட்டால் வாங்கும் கம்பெனி சும்மா இருக்க முடியாது. விபத்து அறிக்கை எங்கே, காயம்பட்டவருக்கு என்ன செய்தீர்கள், இனி நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுத்தில் கேட்டார்கள். பதில் வரும்வரை சரக்கு எடுக்க மாட்டோம் என்றார்கள். கவனக்குறைவு என்ற வார்த்தை இன்வெஸ்டிகேஷனிலிருந்து போனது. விடுப்பு நாட்களுக்குக் கூலி கொடுத்து யாதகிரியைத் திரும்ப எடுத்தார்கள். இப்போது ரியாக்டர் பக்கம் இல்லை, கிடங்கில் இருக்கிறார். மௌனிகா சொன்னாள்: "சார், இனிமே நடக்காம இருக்க ஒரு நீளமான குச்சி வாங்கியிருக்காங்க. போன் மாட்டறதுக்கு." நைட்ரஜன் லைனைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் பூட்டு போட்டுவிட்டார்களாம்.

என்னைப் 'பரிசீலனை முடியும்வரை' பேனலிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பரிசீலனை இன்னும் முடியவில்லை. ஆடிட்டரே குறைக்குக் காரணம் என்பதால் அந்த ஆடிட் செல்லாது என்று தொழிற்சாலை பணம் தர மறுத்தது. ஏஜென்சி எனக்குத் தரவில்லை. மற்ற இரண்டு ஏஜென்சிகளுக்கு எழுதினேன். முன்பு எந்தப் பேனலில் இருந்தீர்கள் என்று கேட்டார்கள். அத்தோடு சரி.

8. கேட்கிறவர்களுக்கு

இந்த வேலைக்கு வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நல்ல கூலி. படித்த படிப்பும் பார்த்த வேலையும் வீணாகாது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் உங்களுக்காக, அங்கே ஒருவர் நடக்கிறார், ஏறுகிறார், குனிகிறார். உங்கள் கண் அவர் கையில் இருக்கிறது. நீங்கள் 'கொஞ்சம்' என்று சொல்வது அவருக்குக் கொஞ்சமாக இருக்காது. அதனால் ஒன்றைக் காட்டச் சொல்வதற்கு முன்னால், போனைப் பிடித்திருப்பவர் எங்கே நிற்கிறார், அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் போனைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஓப்பனிங் மீட்டிங்கில், நான் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லலாம், அதைக் குறையாக எழுத மாட்டேன் என்று ஆபரேட்டர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். குவாலிட்டி ஹெட் காதில் விழுந்தால் போதாது. பார்க்க முடியாததைப் பார்க்க முடியவில்லை என்றே ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அதற்குக் கூலியைக் குறைக்க மாட்டார்கள்.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆன செலவையும் சொல்லிவிடுகிறேன். போன் செய்கிறவர்கள் எப்படியும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ரத்தான பதினாலு ஆடிட், ஒன்றுக்கு அறுபத்தாறாயிரம் வீதம் ஒன்பது லட்சத்து இருபத்துநாலாயிரம். வராத கூலி அறுபத்தாறாயிரம். வியாழக்கிழமை ஜீடிமெட்லா போக ஆட்டோ முந்நூற்றுப் பத்து, வர முந்நூற்று அறுபத்தைந்து. ஆக மொத்தம் ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரத்து அறுநூற்று எழுபத்தைந்து ரூபாய்.